அம்மா செய்த கால்கள்

நம் வயதுக்காரர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் முட்டியைப் பற்றித்தான் பேசுகிறோம். யாருக்கு எந்தக் கால் வீங்குகிறது, யார் எந்தத் தைலம் தேய்க்கிறார்கள், யாருடைய பிள்ளை சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தான், யாருடைய பிள்ளை வாங்கிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். போன மாதம் சுங்கை பட்டாணியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் செயற்கைக் கால் ஒன்று நிற்பதைப் பார்த்தேன். மாநிறம். விரல்களுக்கு நகம்கூட வைத்திருந்தார்கள். நான் உள்ளே போய் அதைத் தூக்கிப் பார்த்தேன், உறைக்குள் கைவிட்டு விளிம்பைத் தடவினேன். கடைக்காரப் பெண், யாருக்கு வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டாள். யாருக்கு என்று சொல்வது? வேண்டியவர்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

என் அம்மா கால் செய்தவள். உங்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பாதிதான் அறிவீர்கள். மீதியை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அம்மாக்களைப் பற்றி நல்லதை மட்டும் கேட்கப் பிரியப்படுகிறவர்கள் எழுந்து காபி குடிக்கப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஜப்பான்காரன் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சுங்கை லாலாங் பக்கத்துத் ரப்பர் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம், வரிசையாக ஒட்டிய கூலி வீடுகள். துரை குடும்பத்தோடு காரில் தெற்கே போய்விட்டார். ரப்பர் பாலை வாங்க ஆள் இல்லை. ரப்பர் மரங்களை நிரை நிரையாகச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். காலையிலும் மரவள்ளி, மத்தியானமும் மரவள்ளி, பொழுது சாய்ந்தாலும் மரவள்ளி. அதையே தின்று எங்கள் முகமெல்லாம் வெளுத்து வீங்கிப் போனது. பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆள் ஒருவர் என் அண்ணனின் கன்னத்தைக் கிள்ளி, "கெமுக், கெமுக்" என்று சிரித்தார். குண்டுப் பையனாம். அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்தது. கன்னத்தில் அவர் கிள்ளிய இடம் குழிந்து அப்படியே நின்றது.

அந்த மாதிரி உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் ஆறாது. முதலில் கொப்புளம், பிறகு புண், பிறகு குழி. லயத்தில் எந்த வீட்டைத் தாண்டினாலும் புண் வாடைதான். தோட்டத்துக்கு வைத்தியம் பார்த்த டிரெசரிடம் மருந்து என்று இருந்தது உப்புத் தண்ணீர் மட்டும். அதையும் அவர் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றுவார்.

அப்பாவுக்கு மரத்தூர் ஒன்று கணைக்கால் முன்பக்கத்தில் இடித்தது. அவ்வளவுதான். எலும்பு தெரிகிறவரை போன பிறகு, முட்டிக்குக் கீழே எடுத்தால் ஆள் மிஞ்சுவார் என்றார் டிரெசர். தச்சுக் கொட்டகையிலிருந்து ரம்பம் வந்தது. அதை எங்கள் சோற்றுப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். பானைக்கும் அப்போது வேறு வேலை இல்லை. அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள். தோளைப் பிடித்துக்கொண்டவர் மாமா, அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், எங்கள் தோட்டத்து மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அப்பா நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க, காய்ந்த ரப்பர்ப் பாலான ஒட்டுப்பால் கட்டி ஒன்றை உருட்டி அவர் வாயில் திணித்தவரும் மாமாதான். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. வெட்டிய காலை அண்ணன் சாக்கில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தான். எங்கே என்று எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாமாவை நம்பித்தான் அம்மாவும் அப்பாவும் அந்தத் தோட்டத்துக்கே வந்தார்கள். விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் ஆளெண்ணும் பெரட்டில் மாமா என்ன சொல்கிறாரோ அதுதான் சட்டம். வெள்ளைக்காரன் இருந்தபோதும் அப்படித்தான், ஜப்பான்காரன் வந்த பிறகும் அப்படித்தான். மேலே யார் உட்கார்ந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் மாமா ஒருவர்தான். அவர் வாயிலிருந்து வந்த சொல்லை யாரும் இன்னொருவரிடம் போய்ச் சரிபார்த்ததில்லை. அதற்கு எங்களில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

புண் ஆறி அப்பா எழுந்து உட்கார்ந்ததும் மாமா வந்தார்.

"மாப்ள, நீ இப்புடி படுத்தே கெடந்தா நான் என்னா செய்யிறது? பெரட்டுல நிக்கிற ஆளுக்குத்தான் அரிசின்னு ஜப்பான் மாஸ்டரு கண்டிசனா சொல்லிட்டான்."

அப்பா மறுநாளே கவைக்கம்பு ஒன்றை அக்குளில் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். மாமா அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கம்ப ஊனிக்கிட்டுச் சங்குலு பிடிக்க முடியுமா? ரெண்டு கையும் சும்மா இருக்கணும் மாப்ள. அரை ஆளுக்கு நான் அரிசி போட்டா என் தலை போயிரும்."

சங்குல் என்றால் மண்வெட்டி. கைகள் சும்மா இருக்க வேண்டும் என்றால் கால் தானாக நிற்க வேண்டும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு அழவில்லை, கத்தவில்லை. வெட்டுக்கத்தியை, எங்கள் பேச்சில் பரங், எடுத்துக்கொண்டு கம்பத்துப் பின்னால் இருந்த மூங்கில் புதருக்குப் போனாள். தொடைக் கனத்துக்கு மூங்கில் அங்கே இருந்தது.

நீங்கள் நினைப்பது போல அம்மா ஒன்றும் கைதேர்ந்தவள் இல்லை. முதலில் செய்தது எல்லாம் தப்பு. மூங்கிலின் வாய் நேராக முட்டிக்குக் கீழே இடித்து, ஆறிய தோலை அறுத்தது. உள்ளே மெத்தென்று ஏதாவது வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தது பால்தான். சாயாமல் நின்ற மரங்களில் திருட்டுத்தனமாகச் சீவி, மங்கு நிறையப் பால் கொண்டுவந்து, அப்பாவின் வெட்டுக்கால் முனையில் பழைய புடவைத் துணியைச் சுற்றி அதன்மேல் பாலைப் பூசினாள். மேலே மேலே பூசிக் காயவிட்டாள். காய்ந்ததும் உரித்து எடுக்கப் பார்த்தால் காலில் இருந்த மயிர் அத்தனையும் துணியோடு வந்தது. அப்பா போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. ரம்பத்துக்குக்கூட அப்படிக் கத்தாத மனிதர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் ஏசிக்கொண்டே சிரித்துவிட்டார். எண்ணெய் தடவாமல் பூசிவிட்டாளாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மூங்கில் பச்சையாக இருந்ததால் முதல் கால் பெரட்டிலேயே பிளந்தது. அப்பா முகம் குப்புற விழுந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பசியில் இருக்கிறவர்களுக்கு இரக்கம் வரும் என்று யாரோ எழுதிவைத்திருந்தால் அவர்கள் பசித்துக் கிடந்ததில்லை. லயத்துப் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து "டொக்கு, டொக்கு" என்று ராகம் போட்டார்கள். நான் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்துக் கடித்துவைத்தேன். அவள் இப்போது அலோர் ஸ்டாரில் கொள்ளுப்பேரன் பார்த்துவிட்டாள், என் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறதாம்.

அடுத்த மூங்கிலை அம்மா புகைக்கூண்டில் தொங்கவிட்டாள். ரப்பர் ஷீட் காயவைக்கும் கூண்டு அது, ஷீட் இல்லாததால் சும்மா கிடந்தது. புகையில் கிடந்து கருத்து வந்த மூங்கிலைப் பூச்சி அரிக்கவில்லை, வெயில் பிளக்கவில்லை. வாய்ப் பக்கம் கீறிவிட்டுக் கம்பி சுற்றினாள். அடியில், கணுவுக்குள் கொய்யாக் கட்டையை அடித்து இறக்கினாள். குருண் சாலையோரம் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டு ஓடிய லாரி ஒன்று எரிந்து கிடந்தது; அண்ணன் ஒரு பகல் முழுக்க நடந்துபோய் அதன் டயரில் ஒரு துண்டு அறுத்துவந்தான். அது பாதம் ஆனது. சைக்கிள் டியூப் வார் இரண்டு, இடுப்புப் பட்டைக்கு. அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அப்பா பெரட்டில் நின்றபோது மாமா பிரம்பால் தட்டிப் பார்த்தார். "எந்தங்கச்சி கைய பாத்தியாடா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு அப்பாவின் பேருக்கு அரிசி வந்தது. கல்லும் சுண்ணாம்பும் கலந்த அரிசி. அம்மா அதைக் கழுவும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினேன்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். புண் யாரையும் விட்டுவைக்கவில்லையே. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. நமக்கு ரத்த உறவு கிடையாது, சித்தி என்னைத் தூக்கி வளர்த்தவள், அதனால் அப்படிக் கூப்பிடுவேன். சித்தி ஒரு டியூப் துண்டைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டு, "அக்கா, இவர எப்புடியாச்சும் நிக்க வச்சிரு" என்றாள். அம்மா நிற்க வைத்தாள். கூலிம் பக்கத்திலிருந்துகூட ஒருவரை முதுகில் சுமந்து வந்தார்கள். நடந்து திரும்பிப் போனார். விரல்கள் உதிர்ந்துபோன ஒரு கிழவருக்குக் கையில் மாட்டிக்கொள்ள ரப்பர் வளையம் செய்து, அதில் கரண்டி செருகிக் கொடுத்தாள். அவர் அந்தக் கரண்டியை நெற்றிக்கு நேராகத் தூக்கி அம்மாவைக் கும்பிட்டார். வந்தவர்கள் கொண்டுவந்தது மூங்கில், கம்பி, பிய்ந்த வார், பழைய ஆணி, எப்போதாவது ஒரு கட்டு மரவள்ளி இலை. எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அரைகுறைக் கால்கள் சாய்ந்து நிற்கும். புளித்த பால் வாடையும் புகை வாடையும் என் தலைமுடியில் ஏறிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. என் அம்மா பெரிய ஆள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

மாமாவுக்கும் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் ஜப்பான் ஆபீசர் தோட்டத்துக்கு வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். ஆபீசர் கால்சட்டையை மேலே தூக்கச் சொல்லி மூங்கிலைப் பார்த்தார். நடக்கச் சொன்னார். பிறகு ஓடச் சொன்னார். அப்பா ஓடினார். ஆபீசுக்கும் பெரிய அங்சானா மரத்துக்கும் நடுவே, கையை வீசிக்கொண்டு, ஆபீசர் போதும் என்று சொல்லுகிறவரை ஓடினார். ஆபீசர் கைதட்டிச் சிரித்து அப்பாவுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காலைக் கழற்றியபோது உறைக்குள் ரத்தம். ஆனாலும் அப்பா அந்தச் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு லயம் முழுக்கக் காட்டினார். ஐயோ, எவ்வளவு பெரிய முட்டாள்கள் நாங்கள். இதில் சந்தோஷப்பட என்ன இருந்தது என்று நினைத்தால் இப்போதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்பது எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்திருந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்பதும் தெரிந்திருந்தது. எங்கள் தோட்டத்துக்கு லாரி வரப்போகிறது என்று மாமாவே வந்து சொன்னார். எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. அம்மா கால் செய்து கொடுத்த வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அதன் அர்த்தம் அம்மாவுக்கு உடனே புரிந்தது.

"முழு ஆளு தோட்டத்துக்கு வேணும் தங்கச்சி. ஜப்பான்காரன் தலையத்தான் எண்ணுறான், காலை எண்ணல. இவங்க நிக்கிறாங்க, நடக்கிறாங்க. கணக்குக்குச் சரியாப் போயிரும்" என்றார் மாமா. வெற்றிலை போட்டுக்கொண்டுதான் சொன்னார். அந்தக் காலத்திலும் அவருக்கு வெற்றிலை கிடைத்தது.

அம்மா உள்ளே போய் அப்பாவின் காலை எடுத்துவந்து, மாமாவின் கண் முன்னாலேயே பரங்கால் கொத்தினாள். மூங்கில் தெறித்து என் மேல் விழுந்தது. உறையை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். ரப்பர் எரிந்து கரும்புகை வீட்டை நிறைத்தது.

"இப்ப கூட்டிட்டுப் போங்கண்ணே. எப்புடி ஏறுவாருன்னு பாக்கிறேன்."

மாமா இருமிக்கொண்டே வெளியே போனார். வாசலில் நின்று சொன்னார்: "ஒரு வூட்டுக்கு ஒரு ஆளு தங்கச்சி. அதான் உத்தரவு. மாப்ள இல்லன்னா ஒம் மவன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீயே ரோசன பண்ணிச் சொல்லு."

ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை. பெரட்டில் சொன்ன சொல், அதிலும் கூடப் பிறந்தவன் சொன்னது. ஒருவர் போனால் மற்றவர் தப்பினார் என்று அப்பாவும் அம்மாவும் அண்ணனும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். யார் போவது என்பதுதான் பேச்சாக இருந்தது.

"நான் போறேன்ப்பா. எனக்கு ரெண்டு காலு இருக்கு. ஓடியாந்துருவேன்" என்றான் அண்ணன்.

"ஓடுனா சுடுவான். பேசாம இரு" என்று அப்பா அதட்டினார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். "ஏ புள்ள, இன்னொரு காலு செய்யி."

"மாட்டேன்."

"செய்யி புள்ள. மண்டோரு வந்து கேட்டா நான் எந்திரிச்சு நிக்கணும். இல்லன்னா பயல இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

அம்மா அன்று முழுவதும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் பரங்கை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் போனாள்.

அம்மா செய்த கால்களிலேயே நல்ல கால் அதுதான். லாரி வர இருந்த நாட்களில் அவள் வேறு எதையும் தொடவில்லை. ஒரே கனமாக, கோணல் இல்லாத மூங்கிலாகத் தேடி எடுத்துப் புகையில் போட்டாள். தன் கல்யாணப் புடவையைக் கிழித்து உறை செய்தாள். மற்றத் துணி அந்த அளவுக்கு மிருதுவாக இராதாம். ஒவ்வொரு பூச்சாகக் காயவைத்து, உள்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எங்காவது உறுத்தினால் சுரண்டினாள். சேற்றில் வழுக்கும் என்று டயரில் பல் பல்லாக வெட்டினாள். அவிழ்ந்தால் யார் கட்டிவிடுவார்கள் என்று வாருக்குப் பதிலாகக் கொக்கி வைத்தாள். எனக்கு அப்போது அவள் மேல் கோபமாக வந்தது. மோசமாகச் செய்தால் அப்பாவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று சொன்னேன். "திருப்பி அனுப்பிட்டு யாரக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

லாரி வந்த காலையில் அப்பா பழைய கிராணி, ஆபீஸ் கணக்கர், விட்டுப்போன நீளக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டார். வெளியே பார்த்தால் கால் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. சித்தப்பாவும் வந்தார். அம்மா நிற்க வைத்த மற்றவர்களும் வந்தார்கள். அவர்கள் வரிசையாக நடந்து வந்தபோது மண்ணில் ஒரு பாதத் தடமும் ஒரு டயர்த் தடமுமாக விழுந்தன. சிப்பாய் குனிந்து யார் காலையும் பார்க்கவில்லை. தலையைத் தட்டித் தட்டி எண்ணினான். ஏறுவதற்கு மாமா கை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை, பலகையைப் பிடித்துத் தானே ஏறினார். மேலே நின்றுகொண்டு அம்மாவைத் தேடினார்.

"கொஞ்சங்கூட வலிக்கல புள்ள" என்றார்.

சித்தி அப்போதுதான் ஓடிவந்தாள். லாரியின் பின்னால் ஓடி, விழுந்து, எழுந்து, திரும்பி வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். "தவந்துகிட்டே கெடந்திருப்பான்டி எம் புருசன்! நீ ஏன்டி எந்திரிக்க வச்ச? நீ ஏன்டி நிக்க வச்ச?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் நின்றாள். மற்றப் பெண்களும் வந்து ஏசினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். யாரும் மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பெரட்டில் அரிசி அளக்கிறவர் அவர்தானே.

அதன் பிறகு கொஞ்ச நாள் அண்ணன் மட்டும்தான் எங்களுக்கு மிச்சம். அம்மா அவனைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டாள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் அவன் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தால் இவள் எழுந்து போய்விடுவாள். அவன் அதைப் புரிந்துகொண்டு, முடிந்த வரைக்கும் வெளியிலேயே சுற்றினான். எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் இருவரும் அப்படி இருந்திருக்க மாட்டார்கள்.

ஏனென்றால் அடுத்த லாரி வந்தது. அண்ணனைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே பிடித்து ஏற்றினார்கள். செய்தி கேட்டு அம்மா ஆபீசுக்கு ஓடினாள், நான் அவள் பின்னால் ஓடினேன். லாரி போய்விட்டது. மாமா படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வூட்டுக்கு ஒரு ஆளுன்னு சொன்னியேடா!" அம்மா தன் அண்ணனை அப்படி ஒருமையில் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படக்கூட இல்லை. "அது போன லாரிக்குத் தங்கச்சி" என்றார்.

அப்படி ஓர் உத்தரவே எந்தக் காலத்திலும் கிடையாது என்று பிற்பாடு மற்றத் தோட்டத்துக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம். ஜப்பான்காரன் கேட்டது இத்தனை தலை என்று மட்டும்தான். மீதியை மாமா தன் வாயால் உண்டாக்கினார். அவர் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நல்ல கால்கள், இரண்டு பேரும் கடைசிவரை ஸ்டோரில் அரிசி மூட்டைக்குக் காவல் இருந்தார்கள்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் வருவதற்கு நடுவே ஆளுகிறவன் இல்லாத சில நாட்கள் இருந்தன, உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். எலும்பும் தோலுமாக எங்கள் வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

"காலுல ஒரு கொறையும் இல்லக்கா. மத்தவன் எல்லாம் சேத்துல விழுந்தான், அண்ணன் விழல. வயித்தாலப் போயித்தான் செத்தாரு. கால நாங்கதான் எடுத்துக்கிட்டோம்."

"என்னா செஞ்சீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மழக்கா. ஒரே மழ. வெறகு எல்லாம் நனஞ்சு போச்சு. அது நல்லாக் காஞ்ச மூங்கிலு."

என் அண்ணனை அவர் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை யாரும் பார்க்கவில்லை.

அவர் வந்த சில நாட்களுக்குள் லயத்து ஆட்கள் மாமாவைப் பிடித்துக்கொண்டார்கள். அரிசி அளக்கும் அதிகாரம் போய்விட்டது அல்லவா, எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்தார்கள். சித்தி உலக்கையோடு போனாள். உயிர் போகவில்லை, வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போனது. சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். அப்பாவுக்குக் கிடைக்காத மருந்து.

புண் ஆறியதும் அவருடைய பெரிய மகன் அவரை முதுகில் சுமந்துகொண்டு எங்கள் வாசலில் இறக்கினான். நரைத்து, சுருங்கி, பார்க்கவே வேறு ஆளாக இருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, தவந்துகிட்டு வயித்தக் கழுவ முடியல. சுசாவா, ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீதான் எனக்கு ஒரு காலு செஞ்சு குடுக்கணும். ஒன்னய விட்டா யாரு இருக்கா?"

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அம்மா கொதிக்கிற கஞ்சியை எடுத்து அவர் மேல் ஊற்றப்போகிறாள் என்று நினைத்தேன். ஊற்றட்டும் என்றும் நினைத்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"அதுக்கென்னண்ணே, செஞ்சு குடுக்கிறேன். நல்ல கால நீட்டுங்க."

லயமே அசந்து போனது. சித்தி மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள், கூடப் பிறந்த பாசம் விடுமா என்றார்கள், அவளுக்குப் பெரிய மனசு என்றார்கள். அம்மா கயிற்றை எடுத்து மாமாவின் நல்ல காலில் முட்டியிலிருந்து குதிகால் வரை பிடித்தாள். மேல்முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குதிகால் தரையைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போட்டாள். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அந்த முடிச்சை அவிழ்த்து, ஒரு கட்டைவிரல் அகலம் மேலே தள்ளி மறுபடியும் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

அத்தனை பேருக்குக் கால் செய்தவளுக்கு அந்த அகலம் என்ன செய்யும் என்று தெரியாதா? அதிகம் குறைத்தால் போட்ட அன்றே கண்டுபிடித்துவிடுவார்கள். இவ்வளவு மட்டும் குறைத்தால் ஆள் நடப்பார், வேலைக்குப் போவார். சாயங்காலம் ஆனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். வருஷம் போகப் போக முதுகெலும்பு கோணும்.

மற்றதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. மூங்கிலைப் புகையில் போட்டாள், உறையை ஏழெட்டுப் பூச்சுப் பூசினாள், தேங்காய் எண்ணெய் தடவி மினுக்கினாள். மாமா கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"லேசா கட்டையா இருக்காப்புல இருக்கே தங்கச்சி?"

"இல்லண்ணே. அடிபட்டதுல ஒங்க இடுப்பு சாஞ்சிருக்கு. நடக்க நடக்க நேராயிரும்."

மாமா தலையை ஆட்டினார். அவர் அதை யாரிடமும் போய்ச் சரிபார்க்கவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதன் பிறகு வெகுகாலம் உயிரோடு இருந்தார். மூங்கில் தேய்ந்ததும் புதிதாகக் கேட்டு வருவார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கோணலாக வருவார். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, ராத்திரியெல்லாம் இடுப்பில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அழுவார். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், தைலம் தேய்த்துவிடுவாள், பழைய கயிற்றை எடுத்துப் புதுக் காலுக்கு அளவு வைப்பாள். தன் தங்கச்சியைப் போல உலகத்தில் ஒருத்தி கிடையாது என்று சாகிறவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த முதல் காலை மாட்டிக்கொண்டு அவர் லயத்துச் சாலையில் போனதை அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனார். வளைவில் மறைந்ததும் அம்மா உள்ளே வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறவள். அன்றைக்கு எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள். நான் என் பங்கையும் அவள் தட்டில் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.